முயலகனை அடக்குவோம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையிலே சமயமும் தமிழும் பேசப்படுவது வழக்கம். இம்முறை, நெடுங்காலம் உடலோடு ஒட்டி நிற்கும் நோய்களைப் பற்றியும் அவற்றால் மனிதருக்கு நேரும் இடர்களைப் பற்றியும் பேசவேண்டுமெனச் சங்கத்தார் பணித்தனர். நீரிழிவு, இரத்த அழுத்தம், தொய்வு, மூட்டுவாதம் என அவ்வரிசை நீண்டது. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒன்றும் மனத்தில் நிலைக்காது. ஆதலால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டோம். அதுவே வலிப்பு நோய்.

இதனை ஏன் தெரிந்தெடுத்தோம்? கலியாணப் பந்தியிலே ஒருவர், "எனக்குச் சீனி வருத்தம், பாயசம் வேண்டாம்" என்கிறார். பரிமாறுபவர் சிரித்துக்கொண்டு அப்பாற் போகிறார். இன்னொருவர், "எனக்குப் பிறசர், உப்புக் குறைத்துத்தான் சாப்பாடு" என்கிறார். கேட்டவர் உடனே தம்முடைய பிறசரின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அதே பந்தியில், "எனக்கு வலிப்பு, எட்டு மணிக்குக் குளிசை போடவேண்டும்" என்று ஒருவர் வாய் திறந்து சொல்வாரா? சொல்லமாட்டார். சொன்னால் பக்கத்தில் இருப்பவரின் முகம் மாறும். அவருடைய தங்கைக்குப் பேசிவந்த சம்பந்தமும் மாறும். மூன்றும் நெடுநாள் நோய்களே. மூன்றுக்கும் மருந்து உண்டு. ஆயினும் ஒன்றை மட்டும் நாம் மறைத்து வைக்கிறோம். அவ்வாறு மறைப்பதனால் வரும் கேடு, பல வேளைகளில் நோயினால் வரும் கேட்டிலும் பெரிது. இதுவே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

பழைய பெயரும் பழைய கதையும்

இந்நோய் புதியதன்று. வடமொழி வைத்திய நூலாகிய சரக சங்கிதை இதனை அபஸ்மாரம் என்று கூறும். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். கூத்தப்பெருமானின் ஊன்றிய திருவடியின் கீழே கிடக்கும் குறள் வடிவினனுக்கும் வடமொழியில் அபஸ்மாரன் என்பதே பெயர். தமிழிலே அவன் முயலகன். நோய்க்கும் முயலகன் என்ற பெயர் நம் நூல்களில் உண்டு.

பெரியபுராணத்திலே, திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளிய வரலாற்றை நம் பிள்ளைகள் சமய பாடத்திற் கேட்டிருப்பார்கள். கொல்லிமழவன் என்னும் மன்னனுடைய மகளை முயலகன் என்னும் நோய் பற்றிக்கொண்டது. செய்த வைத்தியம் பலிக்கவில்லை. தந்தை மகளைத் திருக்கோயிலிலே கொண்டுவந்து கிடத்தினான். பிள்ளையார் அங்கு எழுந்தருளிப் பெண் உணர்விழந்து கிடப்பதைக் கண்டு வினவினார். மன்னன் உள்ளதை உள்ளபடி விண்ணப்பித்தான். பிள்ளையார் பதிகம் பாடியருளப் பெண் நோய் நீங்கி எழுந்தாள்.

இவ்வற்புதத்தை அன்போடு போற்றுகிற நாம், அந்தத் தந்தையின் செயலையும் சற்றே சிந்திக்கவேண்டும். அவன் நாடாளும் மன்னன். மகளோ கன்னிப் பெண். அவளை மறைத்து வைக்க அரண்மனையில் அறைகளா இல்லை? அவன் மறைக்கவில்லை. முதலில் வைத்தியம் செய்தான். பின்னர் ஊரறியக் கோயிலுக்குக் கொண்டுவந்தான். கேட்டவரிடம் நோயின் பெயரைச் சொன்னான். இக்கதையைப் பயபக்தியோடு படிக்கிற நாமோ, நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்நோய் வந்தால் படலையைச் சாத்திக்கொள்கிறோம்.

மேல்நாட்டாரும் இந்நோயைக் கண்டு அஞ்சியவரே. பழைய கிரேக்கர் இதனைத் தெய்வ நோய் என்றனர். கிறிஸ்துவுக்கு முன் 400ஆம் ஆண்டளவில், ஹிப்போகிரட்டீஸ் என்னும் வைத்தியரின் பெயரால் வழங்கும் நூலொன்று, மற்றைய நோய்களிலும் இதில் தெய்வத்தன்மை அதிகம் இல்லை, இதன் மூலம் மூளையிலே இருக்கிறது என்று வாதித்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உண்மை எல்லா வீடுகளுக்கும் வந்து சேரவில்லை.

நோய் யாது?

நம் மூளையிலே கோடானுகோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை மிகச் சிறிய மின்குறிகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நாம் நடப்பதும் பேசுவதும் நினைப்பதும் அந்தப் பேச்சினாலேயே. கோயில் மேளக்கச்சேரியை எண்ணிப் பாருங்கள். நாதசுரமும் தவிலும் தாளமும் தத்தம் முறைப்படி ஒலிக்கும்போது இசை பிறக்கிறது. எல்லாத் தவில்காரரும் திடீரென்று முறை தவறி ஒருங்கே ஓங்கி அடிக்கத் தொடங்கினால் இசை நின்று ஓசை மாத்திரம் எஞ்சும். மூளையின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ நரம்புக் கலங்கள் அவ்வாறு ஒருங்கே மிகையாக இயங்கும் சில கணங்களே வலிப்பு. ஆங்கிலேய வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873ஆம் ஆண்டிலே ஏறத்தாழ இவ்வாறே விளக்கம் தந்தார். ஜெர்மனியிலே ஹான்ஸ் பெர்கர் என்பவர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளைக் கருவியாற் பதிவு செய்தார். இன்று நம் பெரிய வைத்தியசாலைகளில் தலையிலே கம்பிகளை ஒட்டி எடுக்கும் மூளை மின்வரைபு அவர் வழி வந்ததே. பேயும் பிசாசும் அந்த வரைபிலே தோன்றுவதில்லை. மின்னலையின் குழப்பமே தோன்றுகிறது.

ஒருமுறை வலிப்பு வந்தவரெல்லாம் வலிப்பு நோயாளர் அல்லர். தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் வலிப்புக் காண்போர் நூற்றுக்குப் பத்துப் பேர் வரையில் இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆறு மாதம் தொடக்கம் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங் காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து நீங்கிவிடுவர். தக்க வெளிக்காரணம் இன்றி வலிப்புத் திரும்பத் திரும்ப வருவதையே வலிப்பு நோய் என்கிறோம். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு.

காரணங்கள் பல. பிறக்கும்போது குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு போதாமை, மூளைக் காய்ச்சல், தலையில் அடி, பாரிசவாதம், மூளைக் கட்டி, பரம்பரை இயல்பு என்பன அவற்றிற் சில. நம் நாட்டிலே 1983 முதல் 2009 வரை நடந்த போரில் தலையிற் காயமுற்றுத் தப்பியவர்களை நாம் அறிவோம். இன்று மோட்டார்ச் சைக்கிளில் தலைக்கவசமின்றிப் பறந்து விழும் இளைஞர்களையும் அறிவோம். இத்தகைய காயங்கள் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் வலிப்பாக வெளிப்படலாம். ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டறிய முடிவதில்லை. காரணம் தெரியாவிட்டாலும் மருந்து வேலை செய்யும் என்பதை மறக்கவேண்டாம்.

விழுவது மாத்திரம் வலிப்பன்று

வலிப்பு என்றவுடன், ஒருவர் அலறி விழுந்து, கை கால் உதறி, வாயில் நுரை தள்ளும் காட்சியே நம் கண்முன் வருகிறது. வேறு வகைகளும் உள.

வகுப்பிலே ஒரு சிறுமி எழுதிக்கொண்டே இருக்கிறாள். திடீரென்று பென்சில் நிற்கிறது; கண் வெறிக்கிறது; பத்து விநாடி கழிய மீண்டும் எழுதுகிறாள். நடுவிலே ஆசிரியர் சொன்னது அவளுக்கு விழவில்லை. நாளிற் பல முறை இப்படி நேர்கிறது. "வாய்பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று ஆசிரியர் ஏசுகிறார். "படிப்பில் கவனமில்லை" என்று தகப்பனார் அடிக்கிறார். அதுவும் ஒருவகை வலிப்பு. அடிக்கு அது கேளாது, குளிசைக்குக் கேட்கும்.

இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு மங்கி, வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இரண்டொரு நிமிடம் நிற்பார். கேட்டாற் பதில் வராது. இதையும் பைத்தியம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் இரவெல்லாம் கண்விழித்துக் காலையில் எழும்போது கை வெட்டி இழுத்துத் தேநீர்க் கோப்பை நழுவி விழுகிறது. சில நாட் செல்ல ஒரு காலை பெருவலிப்பே வந்துவிடுகிறது. பதின்ம வயதில் தோன்றும் இவ்வகைக்கு நித்திரையின்மை பெரும் பகை. இளைஞர்கள் இதனைக் கேட்டு வைக்கவேண்டும்.

வலிப்பு வந்தால் என் செய்வது?

நம் கண்முன்னே ஒருவர் வலிப்பினால் விழுந்தால் நாம் செய்வது என்ன? ஒருவர் திறப்புக்கோர்வையை எடுத்துக் கையிலே திணிக்கிறார். ஒருவர் கரண்டிக் காம்பை வாய்க்குள் விடுகிறார். இருவர் கால்களை அழுத்திப் பிடிக்கின்றனர். இன்னொருவர் முகத்தில் தண்ணீரை வீசுகிறார். சுற்றிலும் கூட்டம் கூடிக் காற்றை மறைக்கிறது. இவை யாவும் வேண்டாதவை, சில தீங்கானவை.

இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் கிடையாது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று தொடக்கம் மூன்று நிமிடங்களுள் தாமே அடங்கிவிடும். திறப்பைத் தேடி எடுத்துக் கையில் வைப்பதற்குள் அந்நேரம் கழிந்துவிடுகிறது. புகழ் திறப்புக்குப் போகிறது. வாய்க்குள் விடும் கரண்டியோ பல்லை உடைக்கும். விடுபவரின் விரலும் கடிபடும். நாக்கு உள்ளே விழுங்கப்படும் என்பது வீண் பயம். நுரை பட்டால் நோய் தொற்றும் என்பதும் பொய். அது வெறும் உமிழ்நீரே. உள்வாயோ நாக்கோ கடிபட்டால் அதில் இரத்தமும் கலந்து வரும்.

செய்யவேண்டியது சிறிது. முதலாவது, பதறாமல் மணிக்கூட்டைப் பாருங்கள். இரண்டாவது, அருகிலுள்ள கல், கதிரை, நெருப்பு முதலியவற்றை அகற்றுங்கள். அகற்ற முடியாத இடமாயின் மாத்திரம் ஆளை நகர்த்துங்கள். மூன்றாவது, தலையின் கீழே மடித்த சால்வையையோ சட்டையையோ வையுங்கள். கழுத்துப் பட்டியைத் தளர்த்துங்கள். நான்காவது, உதறல் அடங்கத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உமிழ்நீர் வெளியே வடியும், மூச்சு இலகுவாகும். ஐந்தாவது, வாய்க்குள் ஒன்றும் வைக்கவேண்டாம். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீரும் வேண்டாம். ஆறாவது, விழித்ததும் அவர் குழம்பியிருப்பார், களைத்திருப்பார், வெட்கப்படுவார். பக்கத்தில் இருந்து, "ஒன்றுமில்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஆடை நனைந்திருந்தால் ஒரு துணியால் மூடுங்கள். கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். இதுவும் முதலுதவியே.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்புமுன் மறு வலிப்பு வந்தால், அது உயிருக்கு ஆபத்து. முதன்முறை வலிப்புக் கண்டவர், கர்ப்பவதி, நீரிழிவுக்காரர், தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர், காயப்பட்டவர், வலிப்பு நின்ற பின்னும் மூச்சு விடச் சிரமப்படுபவர் ஆகியோரையும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நம் நாட்டில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

குளிசையின் கதை

1857ஆம் ஆண்டு வரை இந்நோய்க்குப் பயன் தரத்தக்க மருந்து மேல்நாட்டிலும் இருக்கவில்லை. அவ்வாண்டில் பொட்டாசியம் புறோமைட்டு என்னும் உப்பு பயன் தருவதாகத் தெரியவந்தது. 1912இல் பினோபாபிற்றோன் வந்தது. 1938இல் பெனிற்றோயின் வந்தது. பின்னர் காபமசெப்பின், வல்புரோவேற்று முதலியனவும் இன்னும் பலவும் வந்தன. நோயைச் சரியாக அறிந்து மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எழுபது பேர்! இந்த எண்ணை ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிலே வைத்தியத்துக்குக் கட்டணம் கிடையாது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் வலிப்பு நோய்க்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. இவ்வளவும் இருக்க, குறைபாடு எங்கே? குளிசை போடும் முறையிலே இருக்கிறது. ஆறு மாதம் வலிப்பு வரவில்லை. "இனிச் சுகம்" என்று நாமே நிறுத்திவிடுகிறோம். கிளினிக் நாளன்று வீட்டிலே விசேடம், போகவில்லை, குளிசை முடிந்துபோகிறது. யாரோ ஒருவர் "இங்கிலீசு மருந்து சூடு" என்கிறார். போத்தலை மூடி வைக்கிறோம். வலிப்பு மருந்தைச் சடுதியாக நிறுத்தினால், முன்னிலும் கொடிய வலிப்பு, ஓயாத வலிப்பு வரக்கூடும். இரண்டாண்டோ அதற்கு மேலோ வலிப்பின்றி இருந்தவருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கலாமா என்பதை வைத்தியர் ஆராய்வார். தீர்மானிக்க வேண்டியவர் அவரே, அயல்வீட்டு அக்காளல்லர்.

நேர்த்தி வைக்கவேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நூல் கட்டுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், காவடி எடுங்கள். குளிசையை நிறுத்திவிட்டு அவற்றைச் செய்யவேண்டாம் என்றே சொல்கிறோம். கொல்லிமழவனும் வைத்தியத்தைக் கைவிட்டு விட்டுக் கோயிலுக்கு வந்தவனல்லன். விரத நாளிலும் வலிப்பு நோயாளர் குளிசையை நேரம் தவறாது விழுங்கவேண்டும். முழு உபவாசம் இருக்குமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். சிவராத்திரி இரவு முழுவதும் கண்விழிப்பது அவர்களுக்கு ஆகாது. முதற்சாமப் பூசை கண்டு வீடு சென்று நித்திரை கொள்ளட்டும். ஆண்டவன் அவர்களைக் கோபிக்கமாட்டார். வீட்டுப் பெரியவர்கள் கோபிக்காதிருந்தாற் போதும்.

ஊரிலே வேறு சில எச்சரிக்கைகளும் வேண்டும். வலிப்பு நிற்காதவர் கிணற்றுக் கட்டில் நின்று தனியே தண்ணீர் அள்ளுதல், குளத்திலோ கேணியிலோ துணையின்றி இறங்குதல், திறந்த அடுப்பில் தனியே சமைத்தல், மரமேறுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். குளியலறைக் கதவை உள்ளே பூட்டவேண்டாம். வாகனம் ஓட்டுமுன் வைத்தியரின் அனுமதி வேண்டும். இவ்வளவையும் வீட்டில் உள்ளவர்கள் செய்துகொடுக்க வேண்டுமானால், அவர்கள் எல்லாருக்கும் நோய் தெரிந்திருக்கவேண்டும். மறைத்து வைத்த நோய்க்குத் துணை நிற்பார் யார்?

கலியாணப் பேச்சு

இனி, எல்லாருக்கும் கசப்பான இடத்துக்கு வருகிறோம். ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. படித்தவள், உத்தியோகம் பார்ப்பவள். பதினைந்து வயதில் வலிப்புக் கண்டு, அன்று தொட்டுக் குளிசை போடுகிறாள். மூன்று ஆண்டாக வலிப்பு வரவில்லை. நல்ல இடத்திலே சம்பந்தம் பொருந்தியது. குறிப்புப் பார்த்தார்கள், சீதனம் பேசினார்கள், நோயைப் பற்றி மாத்திரம் பேசவில்லை. "அங்கே போய்க் குளிசையை எடுத்துவிடாதே பிள்ளை, மாமி கண்டால் என்ன நினைப்பா? கொஞ்ச நாளைக்கு விடு" என்றாள் தாய். தாயின் நோக்கம் மகளின் வாழ்வுதான். கலியாண அலைச்சல், இரண்டு இரவு நித்திரையில்லை, பசி, மனக்கலக்கம். அவற்றோடு குளிசையும் இல்லை. நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டு அடுப்படியிலே அவள் விழுந்தாள்.

பிறகு நடப்பதை நாம் விரிக்கவேண்டியதில்லை. "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற சொல் எழுகிறது. அந்தச் சொல்லில் நியாயம் இல்லை என்றும் கூறமுடியாது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரை ஒன்று கேட்கிறோம். முன்னரே சொல்லியிருந்தால் நீங்கள் ஏற்றிருப்பீர்களா? உண்மை சொன்னவரைத் தள்ளிவிடும் ஊரிலே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் யார்? பெண்ணின் தாய் மாத்திரமா? நாமெல்லாருமே. அந்தப் பெண்ணை விழுத்தியது அவளுடைய நோயன்று; மூன்றாண்டு அவளுக்குக் காவலாய் நின்ற குளிசையை அவள் கையிலிருந்து பறித்த நம்முடைய கூச்சம்.

மறைப்பதனால் இன்னுமொரு கேடு உண்டு. வலிப்பு மருந்துகளுட் சில, சிறப்பாக வல்புரோவேற்று, கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். பிள்ளைப்பேற்றை எண்ணும் பெண் முன்கூட்டியே வைத்தியரிடம் சென்றால், தக்க மருந்தை மாற்றிக் கொடுத்து, போலிக்கமிலக் குளிசையும் தருவார். தாமாக நிறுத்துவதும் ஆபத்து. கணவனுக்கே தெரியாமல் குளிசை போடுகிறவள் இந்த ஆலோசனையை எப்படிப் பெறுவாள்? வலிப்பு நோயுள்ள தாய்மாரிற் பெரும்பாலோர் நல்ல சுகமுள்ள பிள்ளைகளைப் பெறுகின்றனர். அவர்களின் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதும் இல்லை.

சட்டங்கள் கூட இவ்விடயத்தில் தவறியதுண்டு. பிரித்தானியாவிலே வலிப்பு நோயாளர் மணம் முடிப்பதைத் தடுத்த சட்டம் 1970ஆம் ஆண்டு வரை இருந்தது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்திலே 1976இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருபவரைப் பைத்தியத்தோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தகாதவர் என்று வைத்தது. 1999ஆம் ஆண்டில் "வலிப்பு" என்னும் சொல் அச்சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலே ஒரு சொல்லை வெட்ட இருபத்துமூன்று ஆண்டு சென்றது. நம் உள்ளத்திலிருந்து அதனை வெட்ட எத்தனை ஆண்டு செல்லும்?

தொழிலும் விளையாட்டும்

"இந்த நோயுள்ளவர் எதற்கும் உதவார்" என்பவர்களுக்குத் துடுப்பாட்ட மைதானத்திலிருந்தே மறுமொழி தரலாம். 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலே, பாகிஸ்தானின் இன்சமாமை ஆட்டமிழக்கச் செய்வதற்காகப் பந்தோடு விக்கெட்டின்மேற் பாய்ந்த தென்னாபிரிக்க வீரர் ஜொன்டி ரோட்ஸை அறியாத துடுப்பாட்ட இரசிகர் உண்டோ? அவருக்கு வலிப்பு நோய் உண்டு. அதனை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற காலத்தில் நம் வீடுகளெல்லாம் கேட்ட வர்ணனைக் குரல் டொனி கிரேக்குடையது. அவருக்கும் இளவயது முதல் வலிப்பு நோய் இருந்தது. மருந்தினால் அதனை அடக்கி வைத்துக்கொண்டே 1975 தொடக்கம் 1977 வரை இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். எழுத்துலகிலே, ருசிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி இந்நோயோடு வாழ்ந்தே தம் பெருநூல்களை எழுதினார்.

எல்லாரும் ரோட்ஸ் ஆகிவிடுவர் என்று சொல்லவில்லை. நூற்றுக்கு எழுபது பேர் என்று சொன்னோம். மிகுந்த முப்பது பேரை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு மருந்து உண்டபோதும் வலிப்பு வருகிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சை உதவும். சிலருக்கு அதுவும் உதவாது. சில பிள்ளைகளுக்கு நோயோடு கல்வியிலும் நடையிலும் குறைபாடு சேர்ந்திருக்கும். அவர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் தாய்மார் ஒரு கலியாண வீட்டுக்குக்கூடப் போகமுடியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நம்முடைய இரக்கமன்று. ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளையோடு நாம் இருந்தால் அந்தத் தாய் கோயிலுக்காவது போய் வருவாள்.

சங்கம் செய்யத்தக்கவை

பேசிவிட்டுக் கலைந்து போவதாயின் இந்தப் பேச்சினாற் பயனில்லை. நம் சங்கம் எளிதிற் செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் நம் தொண்டர்களுக்கு வைத்தியர் ஒருவரைக் கொண்டு முதலுதவி பழக்கவேண்டும். திருவிழாக் கூட்டத்திலே ஒருவர் விழுந்தால், திறப்பைத் தேடாமல் மணிக்கூட்டைப் பார்க்கும் இளைஞன் ஒருவனாவது வீதிக்கு வீதி நிற்கவேண்டும்.

இரண்டு, நம் அறநெறி வகுப்பு ஆசிரியர்களும் பாடசாலை ஆசிரியர்களாயுள்ள அங்கத்தவர்களும், வெறித்துப் பார்க்கும் பிள்ளையை ஏசுமுன் பெற்றோரை அழைத்துப் பேசவேண்டும்.

மூன்று, துணையில்லாத நோயாளரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பை இளைஞர் முறைவைத்து ஏற்கவேண்டும். பஸ்ஸில் தனியே போகப் பயந்தே பலர் மருந்தை விட்டுவிடுகின்றனர்.

நான்கு, பெரியோர்களுக்குரியது. கலியாணப் பேச்சிலே, "எங்கள் பிள்ளைக்கு இன்ன வருத்தம், இன்ன மருந்து, இப்பொழுது இப்படி இருக்கிறா" என்று ஒருவர் உண்மையைச் சொன்னால், உடனே எழுந்து போகாதீர்கள். சொன்னவரின் நேர்மையை மதித்து இருந்து கேளுங்கள். வேண்டுமானால் வைத்தியரிடம் இரு வீட்டாரும் சேர்ந்து சென்று விளக்கம் பெறுங்கள். ஊரிலே பெரியவர் ஒருவர் இதனைச் செய்துவிட்டால், அவருக்குப் பின்னே பத்துப் பேர் துணிவர்.

பெரியோர்களே, கூத்தப்பெருமானின் திருவடியின் கீழ் முயலகன் இறந்து கிடக்கவில்லை. உயிரோடு, தலைநிமிர்த்த முடியாமல் அடங்கிக் கிடக்கிறான். ஆணவமலம் அழிவதில்லை, அதன் வலியே அடங்குகிறது என்று நம் சித்தாந்தம் அதற்குப் பொருள் கூறும். நோயாகிய முயலகனும் பலருக்கு அவ்வாறே. அவனை முற்றாக ஒழிக்க முடியாமற் போகலாம். நாள்தோறும் தவறாத குளிசை, வேளைக்கு நித்திரை, வீட்டாரின் துணை, ஊராரின் நல்ல மனம் ஆகிய நான்கும் இருந்தால் அவன் அடங்கியே கிடப்பான். முதலிரண்டும் நோயாளர் கையில் உள்ளன. மற்றிரண்டும் நம் கையில் உள்ளன. நம் பங்கை நாம் செய்வோமாக.